பத்து மணிக்குப் பாதி விலை

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு வெளியே, ரோட்டோரம் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஒரு அம்மாவிடம் 11 வருடமாகக் கீரை வாங்குகிறேன். காலை 6 மணிக்குப் போனால் அரைக்கீரை ஒரு கட்டு 20 ரூபாய். 9 மணிக்கு 15. 10 மணி ஆகிவிட்டால், “ரெண்டு கட்டு இருவது ரூவா, எடுத்துக்க தாயி” என்பார். பத்தரை மணிக்கு அந்த இடத்தில் சாக்கும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார். தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும் தரையில் கொஞ்ச நேரம் கிடக்கும்.

நான் துணிப்பை தைத்து விற்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது, வீட்டு மாடியில் ஒரே ஒரு தையல் மெஷினோடு ஆரம்பித்தேன். இப்போது மூன்று மெஷின், என்னோடு சேர்த்து நான்கு பேர். கடைகளுக்குப் பை, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, மதுரையின் புள்ளிச் சாயத் துணியான சுங்குடியில் கைப்பை. பெரிய தொழில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் பிறந்தால் நான்கு வீட்டுக்கு அரிசி வாங்கித் தரும் தொழில்.

சந்தைக்குப் போவது அதற்கெல்லாம் முன்னாலிருந்தே எனக்கு உள்ள பைத்தியம். வெளியூர் போனாலும் கோயிலுக்கு முன்னால் மார்க்கெட் எங்கே என்றுதான் விசாரிப்பேன். வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு சுற்று வருவேன். யார் எதை எப்படி அடுக்கியிருக்கிறார், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், எந்தக் கடை முன்னால் கூட்டம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பதில் அப்படி ஒரு சுகம். தொழிலில் நான் தடுமாறிய நேரங்களில் எனக்குக் கை கொடுத்தது அந்தச் சுற்றல்தான் என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. சிலவற்றை இங்கே எழுதுகிறேன். சின்னதாகத் தொழில் செய்கிற யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

முதலில் நான் வாங்கிய பெரிய அடி. 2020 மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்கு 600 தாம்பூலப் பை ஆர்டர் வந்தது. சாயம் போடாத காடாத் துணி, ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் மணமக்கள் பெயரும் தேதியும். அச்சடித்துத் தைத்து முடித்த வாரத்தில் ஊரடங்கு. கல்யாணம் தள்ளிப்போனது. கடைசியில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் வீட்டு வாசலிலேயே நடந்தது. அவர்களுக்குப் பை தேவைப்படவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த வருடம் எல்லார் வீட்டிலும் ஒரு கஷ்டம். 2,000 ரூபாய் மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தது நான்தான். துணி, அச்சு, கூலி எல்லாம் சேர்த்துப் பை ஒன்றுக்கு 22 ரூபாய் அடக்கம். 13,200 ரூபாய் சரக்கு அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பெட்டியை 14 மாதம் நான் திறக்கவில்லை. துணிதானே, கெட்டா போகப்போகிறது என்ற எண்ணம். பார்த்தாலே வயிறு எரியும் என்பதால் பரண் மேல் ஏற்றிவிட்டேன். திறந்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு. அடியில் இருந்த 40 பையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தது.

நன்றாக இருந்ததில் ஒன்றை, பெயர் வெளியே தெரியாமல் உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக்கொண்டு, கீரை வாங்க எடுத்துப்போனேன். அந்த அம்மா கீரையை வைக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள பேரு போட்டிருக்கே, யாரு கல்யாணம்?” என்று கேட்டார். கதையைச் சொன்னேன். “கீரை வைக்கிற பைக்குப் பேரு எதுக்கு தாயி? அன்னைக்கே இப்படித் திருப்பிப் பத்து ரூவாய்க்குக் குடுத்திருந்தீன்னா இந்த ரோடே வாங்கியிருக்கும்” என்றார்.

அன்னைக்கே. அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அடுத்த முறை போனபோது உட்கார்ந்து கேட்டேன்: பத்து மணிக்குப் பாதி விலைக்குக் கொடுக்கிறீர்களே, கட்டுப்படியாகுமா? அவர் கணக்கு சொன்னார். “எம்பது கட்டு எடுத்தா அம்பத்தஞ்சு கட்டுல முதல் வந்துரணும். மிச்சம் இருபத்தஞ்சுல வர்றதுதான் என் கூலி. அதை வாடவிட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா கூலியும் போச்சு, பஸ்ல சுமைக்கும் காசு.” ஆக, காலை 6 மணி விலையும் 10 மணி விலையும் அவருக்கு ஒரே கணக்கின் இரண்டு பகுதிகள். காலையில் வருகிறவர் பார்த்துப் பொறுக்கி எடுப்பதற்குச் சேர்த்துக் கொடுக்கிறார். பத்து மணிக்கு வருகிறவர் கிடைத்ததை எடுத்துக்கொள்வதற்குக் குறைத்துக் கொடுக்கிறார். இரண்டுமே நியாயமான விலைதான்.

துணி வாடாது, சரி. துணிக்குள் போட்ட என் பணம் 14 மாதம் பரண் மேல் வாடிக்கொண்டிருந்தது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் ஊரடங்கில் முகக்கவசம் தைக்கத் துணி வாங்கியிருக்கலாம். அப்போது கடன் வாங்கித்தான் வாங்கினேன்.

மீதி 560 பையையும் திருப்பினோம். திருப்பினால் தையல் ஓரத்துப் பிசிறு வெளியே வருமே? சுங்குடித் துண்டுகளை ஒன்றரை அங்குலப் பட்டையாக வெட்டி அந்த ஓரத்தை மூடித் தைத்தோம். மூட வைத்த பட்டை பார்டராகிவிட்டது. வெறும் காடாப் பையைவிட இது பார்க்க லட்சணமாக இருந்தது. 35 ரூபாய் வைத்தேன், மூன்று வாரத்தில் எல்லாம் போயிற்று. இன்றைக்கும் எங்களிடம் அதிகம் போகிற பை அந்தச் சுங்குடி ஓரப் பைதான்.

அதற்குப் பிறகு எங்கள் மாடியில் சில பழக்கங்கள் வந்தன. எந்தச் சரக்குப் பெட்டியானாலும் மேலே தைத்து முடித்த தேதியை எழுதி ஒட்டுவோம். 30 நாளில் போகவில்லை என்றால் விலையைப் பற்றிப் பேசுவோம், 60 நாளில் அடக்க விலைக்குத் தள்ளுவோம், 90 நாள் ஆனால் பிரித்து வேறு ஏதாவது தைத்துவிடுவோம். பெயர் போட்ட ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னால் வர வேண்டும். முன்பெல்லாம் துணி வெட்டியதும் எல்லாவற்றையும் அச்சடிப்போம். இப்போது வெறும் பையாகத் தைத்து வைத்துவிட்டு, பெயரை மட்டும் கொடுக்கிற வாரத்தில் அச்சடிக்கிறோம். தைத்த பையில் அச்சடிப்பது கொஞ்சம் சிரமம், உள்ளே அட்டை நுழைக்க வேண்டும், நேரமும் கூட ஆகும். ஆனால் பெயர் ஏறாத பை யார் வீட்டுக்கும் போகும். பெயர் ஏறிவிட்டால் ஒரே வீடுதான்.

அடுத்தது கூறு. தராசு இல்லாமல் தரையில் கூறு கட்டி விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் ஒருவர் சாம்பார்க் கூறு என்றே வைப்பார்: மூன்று கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு கீற்றுப் பூசணி, இரண்டு தக்காளி, நாலு பச்சை மிளகாய். அது எத்தனை கிராம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாலு பேருக்கு இன்றைக்குச் சாம்பார் ஆகிவிடும் என்று தெரிந்தால் போதும், பணத்தை நீட்டிவிடுகிறார்கள்.

என் விலைப்பட்டியலில் அப்போது 14 அளவு இருந்தது. 10-க்கு 12 அங்குலம், 12-க்கு 14 அங்குலம் என்று போகும். போனில் கேட்கிறவர்கள் எல்லாம் “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிடுவார்கள். எதை யோசிப்பார்கள் பாவம், அவர்களுக்குத் தெரிந்தது தங்கள் வீட்டுத் தக்காளியும் வெங்காயமும்தானே. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கூறு கட்டினேன். ‘ஒரு வாரக் காய்கறிக்கு’ என்று ஒரு பெரிய பையும் மூன்று சின்னப் பையும். ‘ஆபீசுக்குச் சாப்பாடு’ என்று டிபன் பாக்ஸ் நிமிர்ந்து நிற்கிற மாதிரி அடி அகலமான பை ஒன்று. ‘100 பேர் விசேஷம்’ என்று 110 பை, ஏனென்றால் 100 பேரைக் கூப்பிட்டால் அதற்கு மேல்தான் வருவார்கள். அளவு கேட்கிறவர்களுக்கு அளவு சொல்வோம், ஆனால் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

கூறில் ஒரு ஆபத்தும் உண்டு. அடியில் சொத்தையை வைத்து மேலே நல்லதை அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் உட்காருகிறவர் அதைச் செய்ய மாட்டார். சொத்தையைத் தனியாக வைத்து, “இது மாட்டுக்கு, இது இன்னைக்கே சமைச்சுரணும்” என்று சொல்லியே விற்பார். எங்களிடம் அச்சுப் பிசகிய பைகளுக்கு இப்போது தனிக் கூறு உண்டு. என்ன பிசகு என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். அதைத் தேடி வருகிற மளிகைக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

கொசுறைப் பற்றிச் சொல்லாமல் சந்தையைப் பற்றிப் பேச முடியாது. ஆரம்பத்தில் நான் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன். 10 கொடுத்தால் 15 கேட்டார்கள். அடுத்த முறை வரும்போது தள்ளுபடி விலையே விலையாகிவிட்டது. காய்கறிக்காரர் அப்படிச் செய்வதில்லை. எடை போட்டு, பணம் வாங்கி, பையை நம் பக்கம் தள்ளும்போதுதான் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே வைப்பார். பேரம் முடிந்துபோனதால் அதற்கு விலையே கிடையாது. அவருக்கு அது பெரிய செலவு இல்லை. நமக்கோ கறிவேப்பிலைக்கென்று இன்னொரு கடைக்கு நடக்கிற வேலை மிச்சம். நான் தள்ளுபடியை நிறுத்திவிட்டேன். சுங்குடி வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளில் சுருக்குப்பை தைத்து, பில் முடிந்த பிறகு ஒன்றை உள்ளே போட ஆரம்பித்தோம். துணி எப்படியும் குப்பைக்குப் போவது, கூலி மட்டும் 4 ரூபாய். “போன தடவ ஒரு சுருக்குப்பை குடுத்தீங்களே, எங்க மாமியார் வெத்தலை பாக்கு போட எடுத்துக்கிட்டாங்க” என்று போன் செய்து மறுபடி ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு.

நடுவில் ஒரு தப்புச் செய்தேன். நோட்டீஸில் ‘சுருக்குப்பை இலவசம்’ என்று அச்சடித்துவிட்டேன். உடனே அது பாக்கியாகிவிட்டது. ஏன் சின்னதாக இருக்கிறது, பச்சைக் கலர் கேட்டேனே என்று கேள்வி வந்தது. அடுத்த நோட்டீஸில் அந்த வரியை எடுத்தேன், சுருக்குப்பையை நிறுத்தவில்லை. சொல்லாமல் கொடுக்கும்போது அது மறுபடி கொசுறாகிவிட்டது.

விலை ஏற்றுவதைப் பற்றிப் பூக்காரர்களிடம் கற்றுக்கொண்டது தனிக் கதை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையெல்லாம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிகாலையில் விலைக்கு முன்னால் நிற்காது. மொட்டாகப் பறித்தது சாயங்காலம் விரிந்துவிடும், அதற்குள் கை மாற வேண்டும். சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குப் போகிற ஒரு கிலோ, முகூர்த்தம் வந்தால் ஆயிரத்தைத் தாண்டும். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்தால் இன்னும் ஏறும். எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்கா அந்த நாட்களில் தலையைக் குனிந்துகொள்வதில்லை. “இன்னைக்கு முழம் எம்பது. பனி, பூவே இல்ல. அரை முழம் வாங்கிக்கங்க” என்று நேராகச் சொல்வார். முழத்தை மட்டும் குறைக்க மாட்டார். பூவை இடைவெளி விட்டுத் தொடுத்து, பழைய விலைக்கே முழம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அக்காவின் சரம் எப்போதும் ஒரே நெருக்கம்தான்.

2021-22இல் பஞ்சு விலையும் நூல் விலையும் ஏறு ஏறு என்று ஏறியது திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். எனக்கு விலையைக் கூட்டிச் சொல்லப் பயம். வாடிக்கையாளர் போய்விடுவார்களோ என்று நான்கு மாதம் பழைய விலைக்கே கொடுத்தேன். தாங்க முடியாமல் போனபோது, யாரிடமும் சொல்லாமல் மெல்லிசான துணிக்கு மாறினேன். அதாவது, பூவை இடைவெளி விட்டுத் தொடுத்தேன். ஒரு கடைக்குப் போன 200 பை, கைப்பிடி பிய்ந்து திரும்பி வந்தது. அரிசி வாங்கிய ஒருவர் பை ரோட்டில் கிழிந்து கொட்டிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. 200 பையையும் பழைய கனத்துணியில் தைத்து மாற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: நூல் விலை இப்படி, பை இனி 6 ரூபாய் கூட, துணி மாறாது, வேண்டுமானால் இரண்டு கலர் அச்சுக்குப் பதில் ஒரே கலர் போட்டால் பழைய விலைக்கு வரும். இரண்டு பேர் போனார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் ஒரே கலருக்கு மாறினார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான்கு மாதம் எதற்குத் தூக்கம் கெட்டேன் என்று இருந்தது.

எல்லா விலையையும் எல்லாரிடமும் இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட முடியுமா என்றால், முடியாது. அண்ணா நகர் உழவர் சந்தை 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்தது. அங்கே ஒவ்வொரு நாளும் விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள், பேரம் கிடையாது. சில்லறை வியாபாரத்துக்கு அதுதான் நிம்மதி. ஆனால் சின்ன வயதில் அப்பாவோடு மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கிறேன். அங்கே இரண்டு பேர் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ மர்மம் என்று அப்போது நினைத்தேன். மொத்தமாக வாங்கும் ஒரு கடைக்காரருக்கு நான் சொன்ன விலை, பத்துப் பை வாங்கும் இன்னொருவர் காதுக்குப் போய்ச் சண்டை வந்தபோது துண்டின் அருமை விளங்கியது. அவரவர் எடுக்கிற அளவும் பணம் தருகிற நாளும் வேறு, அதனால் விலையும் வேறு. இப்போது சில்லறை விலை திங்கள்தோறும் ஸ்டேட்டஸில் போகும். மொத்த விலை நேரில் மட்டும், அல்லது தனிப் போனில்.

நிறத்துக்கும் எனக்குச் சந்தைதான். நம் சேலைக்கடைகளில் நிறத்துக்குச் சொல்கிற பெயர்களைப் பாருங்கள்: கத்தரிப்பூ, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள், எலுமிச்சை, பாக்கு. பாதிக் காய்கறிக் கடையே அதில் இருக்கிறது. பைக்கு எந்த ஓரத்தை எதோடு சேர்ப்பது என்று குழம்பும்போது கடைகளைப் போய்ப் பார்ப்பேன். சின்ன வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டைச் சாய்த்து வைத்திருந்தார் ஒருவர். அப்படியே வந்து வெங்காயத்தோல் நிறத் துணிக்குக் கரும்பச்சைக் கைப்பிடி வைத்தேன். முள்ளங்கியை வெள்ளை முழுக்கக் காட்டாமல் இலையோடு படுக்க வைப்பார்கள், அந்த வெள்ளை அப்போதுதான் எடுப்பாக இருக்கும். காடாத் துணியின் வெளிர் நிறத்தை அச்சால் நிரப்பாமல் முக்கால் பங்கு சும்மா விட எனக்குத் தைரியம் வந்தது அதைப் பார்த்துத்தான். கம்ப்யூட்டரில் நிறம் தேடிய நாட்களில் செய்த பைகள் ஒன்றுகூட இந்த அளவுக்குப் போகவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தக் கீரைக்கார அம்மாவுக்கு என்னைவிட நூறு மடங்கு வியாபாரம் தெரியும். ஆனாலும் அவர் தண்டலுக்குத்தான் பணம் வாங்குகிறார். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் வருவது 8,500. தினமும் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்து கீரை அழுகினாலும் சாயங்காலம் வசூலுக்கு ஆள் வந்துவிடும். நான் பாங்கில் முத்ரா கடன் வாங்கினேன், காகிதம் நிரப்பத் தெரிந்தது, வாடகை ஒப்பந்தம் இருந்தது. அவரிடம் அது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சந்தையில் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் தயவுசெய்து கீரைக்கட்டில் இரண்டு ரூபாய் குறைத்துப் பேசிப் பழகாதீர்கள். பேரம் பேசிப் பழக வேண்டுமென்றால் துணி மண்டிக்குப் போங்கள், நான் அங்கேதான் பழகினேன்.

போன கோடையில் அவர் கீரை மேல் போட்டிருந்த ஈரச்சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். எட்டரை மணிக்கே காய்ந்திருந்தது. மாடியில் கிடந்த காடாத் துண்டுகளை மூன்று அடுக்காக வைத்து, நடுவில் பழைய பருத்தித் துண்டு ஒன்றைக் கொடுத்து, கட்டம் கட்டமாகத் தைத்து ஒரு போர்வை மாதிரி செய்து கொடுத்தேன். நனைத்துப் போட்டால் அது சீக்கிரம் காய்வதில்லை. காசு கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. அன்றைக்கு என் பைக்குள் கொத்தமல்லி, புதினா, ஒரு கட்டு மணத்தக்காளி எல்லாம் கொசுறாக வந்து விழுந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை சரியாக 10 மணிக்குப் போய், இரண்டு கட்டு அரைக்கீரை எடுத்துக்கொண்டு 20 ரூபாயை நீட்டினேன். அவர் போர்வையைத் தூக்கிக் கீரையைக் காட்டினார். “இன்னும் வாடலையே தாயி. கட்டு பதினஞ்சு, இன்னும் பத்து ரூவா குடு.”